ஒதியம்பட்டுச் சுவரில் ஒட்டிய சர்க்கார் படம்

அன்று மேரியில் இருந்தவர்கள்: மேர் ஐயா. செக்ரெத்தேர் சவேரிமுத்து முசே. புதுச்சேரியிலிருந்து மோட்டாரில் வந்த வெள்ளைக்காரத் துரை. அவரோடு வந்த போலீஸ் சொல்தா. மாடு காணாமல் போனதைச் சொல்ல வந்து வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர். அவருக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கடைசிவரை இருந்தார். அப்புறம் நான்.

துரை ஒரு சுருளைப் பிரித்து மேசை மேல் விரித்தார். அது சுருண்டுகொண்டே இருந்தது. ஒரு மூலையில் மைக்கூட்டை வைத்தேன். ஒரு மூலையில் முத்திரைக் கட்டை. ஒரு மூலையில் மேர் ஐயாவின் வெற்றிலைப் பெட்டி. நாலாவது மூலையைச் சொல்தா கையால் அமுக்கிக்கொண்டார்.

ஆள் உயரப் படம். எல்லோரும் பார்த்தோம்.

மேரி என்பது பல ஊர் சேர்ந்த கொம்யூனின் ஆபீஸ். மேர் என்பவர் அதன் தலைவர். செக்ரெத்தேர் அதன் காரியதரிசி, முசே என்றால் ஐயா, சொல்தா என்றால் சிப்பாய். வில்லியனூர் கொம்யூன் மேரியில் நான் சேவகன். பிரெஞ்சுக்காரர் கொடி இருந்தபோது சேர்ந்தேன். கொடி மாறிய பிறகு ரிட்டையர் ஆனேன். இப்போது ஆபீஸ் பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்களாம். பெருசு எழுத வேண்டும் என்று வந்து நின்றார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. முடியாது என்றேன். "மந்திரி வர்ற அன்னிக்கு ஊர் பூரா துணியில படம் கட்டச் சொல்றாங்க, தாவு தீருது. உங்க காலத்துல இந்த வேலயெல்லாம் இல்ல, நீங்க குடுத்து வச்சவரு" என்றான் ஒருவன். அதனால்தான் எழுதுகிறேன். அந்த வேலை எங்கள் காலத்திலும் இருந்தது.

வேலை கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எனக்கு முன் இருந்த சேவகருக்கு மூச்சிரைப்பு. அவர் தமுக்கு அடிப்பார், நான் கத்துவேன். பிறகு நானே அடித்து நானே கத்தினேன். அவ்வளவுதான்.

பசை மட்டும் சொல்ல வேண்டும். சர்க்கார் பேப்பர் ஒட்டுவதற்குச் சோற்றுக் கஞ்சி ஆகாது. ஆடு நக்கும், மாடு பேப்பரோடு தின்னும். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் எடுக்க வேண்டும். ஊற வைத்து அரைத்து, கட்டி தட்டாமல் துழாவிக் காய்ச்ச வேண்டும். இறக்கும்போது மயில்துத்தம் கொஞ்சம் பொடித்துப் போட வேண்டும். பச்சை ஓடும். கசக்கும், பூச்சியும் அண்டாது. முதலில் சுவருக்கு ஒரு பூச்சு. அது உறிஞ்சிய பிறகு பேப்பருக்கு ஒரு பூச்சு. நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் காற்று சிக்கிக்கொள்ளும். சரியாக ஒட்டினால் சுவர் விழுந்தாலும் பேப்பர் நிற்கும். அப்படி இரண்டு இடத்தில் நின்றிருக்கிறது.

செக்ரெத்தேர் சவேரிமுத்து முசேவுக்கு வெள்ளைக் கோட்டு. கழுத்துவரை பொத்தான். சித்திரை வெயிலிலும் ஒரு பொத்தான் கழற்றியதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் உதடு மட்டும் அசையும், நாங்கள் கிட்டப் போய்க் காதைக் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொள்வோம். நான் ஒட்டிய பேப்பர் கோணலா என்று தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பார். நூல் அளவு கோணல் இருந்தாலும் "வேலு, சர்க்கார் சாய்ஞ்சிருக்குது" என்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. மேலிடத்தில் உண்மை அல்லாத ஒன்றைச் சொல்ல நேர்ந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்வார். கண்ணாடி இல்லாமல் சொன்னதற்குத் தான் பொறுப்பில்லை என்பது அவர் கணக்கு. நாங்களும் அப்படியே எடுத்துக்கொள்வோம்.

சர்க்கார் அனுப்பிய படங்களை அதற்கு முன்னாலும் நான் மாட்டியிருக்கிறேன். யுத்தம் வந்து பிரான்சு தேசம் விழுந்தபோது ஒரு கிழத் தளபதி படம் வந்தது. மீசை நன்றாக இருக்கும். மேரி கூடத்தில் மாட்டினேன். சில மாதத்தில் புதுச்சேரி சர்க்கார் கட்சி மாறிவிட்டது. லண்டனில் இருந்த இன்னொரு தளபதி பக்கம் போய்விட்டோம் என்று தமுக்குப் போட்டேன். கிழவரை இறக்கினேன், புதியவரை ஏற்றினேன். ஆணி அதேதான். இவை எல்லாம் மூக்கு மூக்காக இருக்கிற படங்கள்.

துரை விரித்தது அப்படி இல்லை.

ஒரு பெண் முகம். பாதி நீலம், பாதி ஆரஞ்சு. இரண்டு கண்ணும் ஒரே பக்கம். மூக்கு கத்தரித்து ஒட்டினது போல. கழுத்துக்குக் கீழே உடம்பு இல்லை, முக்கோணங்கள். ஒரு கை மட்டும் தனியாக மேலே போய் அறுந்த சங்கிலியைப் பிடித்திருந்தது. மூலையில் பல்சக்கரம் மாதிரி சூரியன். எழுத்து ஒன்றுகூட இல்லை.

துரை சிறு வயசுக்காரர். ஒல்லி. கால்சட்டையில் சாயம். யுத்தத்துக்கு சர்க்கார் பக்கம் ஆள் சேர்க்கிற பிரசார இலாகாவாம். படமும் அவர் வரைந்ததுதான். மரக்கட்டையில் செதுக்கி அவரே மை தடவி நிறையப் பிரதி எடுத்தாராம். பிரெஞ்சில் பேசினார். முசே தமிழில் சொன்னார்.

"இது புது மாதிரிப் படம். எதிரி தன் தேசத்தில் இந்த மாதிரிப் படங்களை இறக்கித் தெருவில் போட்டுக் கொளுத்துகிறானாம். வரைகிறவர்களை வரையக் கூடாது என்கிறானாம். துரையின் சிநேகிதர் ஒருவர் படமும் அதில் போய்விட்டதாம். அதனால் நம் சர்க்கார் இதை ஊர் ஊராக ஒட்டுகிறது."

"கொளுத்தறான்னா காரணம் இல்லாமலா இருக்கும்" என்றார் மேர் ஐயா.

முசே இதைத் துரைக்குச் சொல்லவில்லை.

"சரி, இந்தப் படம் இன்னா சொல்லுது? அத கேளு."

கேட்டார். துரை முகம் மலர்ந்து நிறையப் பேசினார். முசே சுருக்கினார்.

"ஒன்றும் சொல்லவில்லையாம். புரிய வேண்டிய அவசியமில்லையாம். புரியாத படத்தைக்கூடச் சுவரில் ஒட்ட விடுகிற சர்க்கார் இது என்று ஜனங்களுக்குத் தெரிந்தால் போதுமாம். அதுதான் சுதந்திரமாம்."

"அது தெரிஞ்சதுதானே" என்றார் மேர் ஐயா. "சர்க்கார் பேப்பர் எதுதான் இதுவரைக்கும் புரிஞ்சிது?"

வாசலில் இருந்த கிழவர் எட்டிப் பார்த்து, "மாடு இல்ல" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து வந்தது முத்திரைச் சண்டை. முத்திரை இல்லாத பேப்பரை மேரி சேவகன் ஒட்டக் கூடாது. அது சட்டம். முசே முத்திரைக் கட்டையை எடுத்தார். படம் அந்த மூலையில் சுருண்டுகொண்டது. துரை இரண்டு கையாலும் படத்தை மறைத்தார். ஒரு எழுத்து, ஒரு கோடு சேர்ந்தாலும் படம் செத்துப்போகும் என்றார். முசே குரல் இறங்கியது. முத்திரை இல்லாமல் ஒட்டினால் தன்னையே பிடித்து உள்ளே போட வேண்டியிருக்கும் என்றார். இரண்டு பேருமே சர்க்கார். கடைசியில் ஒத்துக்கொண்டது: எழுத்து கிடையாது, முத்திரை உண்டு. ஊதா மையில் வட்ட முத்திரை, படத்துக்குப் படம் நீலக் கன்னத்தில் விழுந்தது. துரை தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

பின்னால் வந்த வம்புக்கெல்லாம் இதுதான் காரணம்.

எங்கள் கொம்யூனில் பேப்பரை யாரும் படிப்பதில்லை. பிரெஞ்சு யாருக்குத் தெரியும்? ஒட்டியிருக்கிற இடத்தைப் பார்ப்பார்கள், முத்திரையைப் பார்ப்பார்கள். மேரிக் கதவில் ஒட்டினால் வரி. சாவடியில் ஒட்டினால் எல்லோருக்குமான சேதி. வீட்டுச் சுவரில் முத்திரையோடு ஒட்டினால் அந்த வீடு ஏலம். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

படத்தோடு வந்த சுற்றறிக்கையில் "போகிற வருகிறவர் கண்ணில் படும் சுத்தமான சுவர்" என்று இருந்தது. கோயில் சுவரும் மாதாகோயில் சுவரும் கூடாது. குடியரசு சாமி விஷயத்தில் தலையிடாதாம். ஒதியம்பட்டுச் சாவடி மண்சுவர், பாதி உதிர்ந்தது. நான் முசேவைக் கேட்டேன்.

"வூட்டுச் சுவருங்களா?"

"சுவர் என்றுதான் எழுதியிருக்கிறது."

ஒதியம்பட்டில் அன்று சுத்தமான சுவர் ஒன்றுதான். நாராயணசாமி வீடு. கரும்பும் நெல்லும் பயிரிடுகிறவர். மகள் அஞ்சலைக்கு அரியூரில் மாப்பிள்ளை. பரிசம் போட வருகிறார்கள் என்று புதுச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். பார்க்கக் கண் கூசியது. நாராயணசாமி கரும்புக் கொல்லைக்குப் போயிருந்தார். அவர் சம்சாரம் தனக்கோட்டி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தது.

"இன்னா வேலண்ணா, பொம்மயா?"

"சர்க்கார் படம். ஒட்டச் சொல்லியிருக்காங்க."

"கலரு நல்லாத்தான் கீது. ஒட்டிட்டுப் போ. பரிசத்துக்கு வர்றவங்க பாக்கட்டும். செவுத்துல பசை சிந்தாம பாத்துக்கோ."

படம் என்று நானே சொன்னதால் முத்திரையை அது கவனிக்கவில்லை.

உள்ளேயிருந்து அஞ்சலை எட்டிப் பார்த்தது.

"அந்தப் பொம்பளைக்கு இன்னொரு காது எங்கண்ணா?"

"இல்ல" என்றேன்.

"பாவம்" என்று உள்ளே போய்விட்டது.

நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி நேராக ஒட்டினேன். சுண்ணாம்புச் சுவரில் நன்றாகப் பிடித்தது. அதே போல மற்ற ஊர்களிலும் ஒட்டினேன். வில்லியனூரில் சாராயக்கடைச் சுவரில் ஒன்று.

முதல் வம்பு சாராயக்கடையில்தான். மாலையில் குடிக்க வந்தவர்கள் முத்திரையைப் பார்த்தார்கள். கடை ஏலத்துக்குப் போகிறது என்று முடிவு செய்தார்கள். சொம்பும் குண்டானும் ஈடு வைத்துக் குடித்தவர்கள் எல்லாம் பொருளைத் திருப்பிக் கேட்டு வரிசையில் நின்றார்கள். கடைக்காரர் மேரிக்கு ஓடி வந்தார். முசே மேலும் கீழும் பார்த்தார். "படம்தான். போய்ச் சொல்" என்றார். போய்ச் சொன்னாராம். ஒருவரும் நம்பவில்லையாம். ஏலத்துக்குப் போகிறவன் எவன்தான் ஒத்துக்கொள்வான் என்றார்களாம்.

அதற்குச் சிரித்தோம். அடுத்ததற்குச் சிரிப்பு வரவில்லை.

பரிசம் போட அரியூரிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ராமலிங்கம் முதல் வண்டியில். தட்டு, பழம், புடவை எல்லாம் வந்தது. தெரு திரும்பியதும் சுவர் தெரிந்தது. ராமலிங்கம் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். கண்ணையோ மூக்கையோ பார்க்கவில்லை. முத்திரையைப் பார்த்தார்.

"வண்டிய திருப்புடா" என்றாராம்.

கையில் ஆரத்தித் தட்டோடு தனக்கோட்டி வாசலில் நின்றிருக்கிறது. வண்டி திரும்பிப் போவதை அப்படியே நின்று பார்த்திருக்கிறது.

மறுநாள் புருஷனும் பெண்சாதியும் மேரிக்கு வந்தார்கள். தனக்கோட்டிதான் பேசியது.

"பரிசத்துக்கு வந்து வாசலோட திரும்பின வூட்டுல நாளைக்கு யாருங்க பொண்ணு கேப்பாங்க? எங்களுக்கு ஒரு காசு கடன் கிடையாது. அந்தப் பேப்பர எடுத்துடச் சொல்லுங்க, போதும்."

"சர்க்கார் முத்திரை இருக்கிற பேப்பரை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. துரையைக் கேட்டு எழுதுகிறேன்" என்றார் முசே. "நீங்களாகக் கிழித்தால் சிறை. கை வைக்காதீர்கள்."

நாராயணசாமி என்னைப் பார்த்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"வெச்சாச்சு" என்றார்.

முதல் நாள் வெந்நீர் ஊற்றியிருக்கிறார்கள். தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார்கள். சுரண்டியிருக்கிறார்கள். பேப்பர் வரவில்லை. ஓரத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருக்கிறது. இப்போது பார்த்தால் ஏலப் பேப்பரை வீட்டுக்காரர் கிழிக்கப் பார்த்துத் தோற்றது போல இருந்தது. அதையும் அரியூரில் இருந்து ஒருவன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

"அப்படி இன்னா பசைய்யா போட்ட?" என்றார் நாராயணசாமி.

"புளியங்கொட்டை."

"நல்லா இருப்ப."

முசே யோசித்தார். தமுக்குப் போடச் சொன்னார். அவரே வாசகம் எழுதிக் கொடுத்தார். ஒதியம்பட்டிலும் அரியூரிலும் நான் போட்டேன்.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது. ஒதியம்பட்டு நாராயணசாமி வீட்டுச் சுவரில் இருப்பது ஏலப் பேப்பர் அல்ல. படம். சர்க்கார் ஆசைப்பட்டு ஒட்டியது. அந்த வீட்டின் மேல் ஏலம் கிடையாது, கிடையாது."

இரண்டாவது "கிடையாது" நானே சேர்த்தது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டேன்.

அரியூரில் ராமலிங்கம் வீட்டெதிரில் நின்றுதான் கடைசித் தடவை கத்தினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் கூப்பிட்டார்.

"வேலு, இங்க வா. எம்மேல ஏலம் இருக்குதா?"

"இல்லீங்க."

"எம்மேல ஏலம் இல்லன்னு என்னிக்காவது தமுக்கு போட்டியா?"

"இல்லீங்க."

"இந்த ஊர்ல யாருக்காவது போட்டியா?"

"இல்லீங்க."

"அப்ப நாராயணசாமிக்கு மட்டும் ஏன்டா போடற?"

முசே எழுதிக் கொடுத்த வாசகத்தில் அதற்குப் பதில் இல்லை. அக்கம்பக்கத்தில் தலையாட்டினார்கள். தமுக்குக்கு முன்னால் பாதிப் பேருக்குத்தான் சந்தேகம். தமுக்குக்குப் பிறகு ஒருவருக்கும் சந்தேகமில்லை, ஏலமேதான் என்றாகிவிட்டது. சர்க்கார் இல்லை இல்லை என்றால் இருக்கிறது என்று அர்த்தம். யுத்தச் சேதியையும் அவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். ஒரு ஊரை விட்டுப் பின்வாங்கவில்லை என்று நான் தமுக்குப் போட்ட மறுநாள் அந்த ஊர் போய்விட்டது என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வார்கள். அவர்கள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

நாராயணசாமி இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் கூட்டினார். வார்த்தை கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பினது நியாயமா என்று கேட்க வேண்டும். பேச்சு அவர் வீட்டெதிரில், படத்தின் முன்னால். வழக்கே அதுதான் என்பதால் அங்கேயே உட்கார்ந்தார்கள். மேரி சார்பாக முசே போனார், தமுக்கோடு நானும் போனேன். ராமலிங்கம் படத்துக்கு முதுகு காட்டி உட்காரமாட்டேன் என்று சொல்லி இடம் மாறினார்.

பேச்சு சூடு பிடித்தபோது தெருமுனையில் மோட்டார் சத்தம். துரை. சொல்தாவும் கையில் போட்டோப் பெட்டியும். படம் ஒட்டிய இடங்களைப் பார்த்துப் போட்டோ எடுக்க வந்திருக்கிறார்.

அவர் இறங்கிப் பார்த்தது இதுதான். தான் வரைந்த படம் சுவரில் இருக்கிறது. அதன் எதிரில் கூட்டம். ராமலிங்கம் எழுந்து நின்று படத்தைக் கை நீட்டிக் காட்டிக் கத்துகிறார். நாராயணசாமி மார்பில் அடித்துக்கொண்டு பதில் கத்துகிறார்.

துரை அசையாமல் நின்றார். கண் கலங்கியது போல இருந்தது. முசேவிடம் மெதுவாக எதையோ கேட்டார். எனக்கு ஆபீசில் காதில் விழுந்த பிரெஞ்சு கொஞ்சம் உண்டு. மீதியைத் திரும்பும்போது முசேவே சொன்னார். "என் படத்தைப் பற்றியா பேசுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

முசே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆமாம்" என்றார்.

ராமலிங்கம் கத்தினார்: "இத செவுத்துல வெச்சிக்கினு எந்த மூஞ்சியோட பொண்ணு குடுக்கற?"

துரை முசேவைப் பார்த்தார். "அந்த முகத்தைப் பற்றிக் கேட்கிறார்" என்றார் முசே.

நாராயணசாமி கத்தினார்: "நானா ஒட்டினேன்? ராத்தூக்கம் போச்சுய்யா எனக்கு!"

"இந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லையாம்."

ராமலிங்கம்: "இந்த வூட்டுக்கு இனிமே ஒரு மரியாதயும் கிடையாது. ஊரே பாத்துட்டுது."

"இந்த வீட்டை ஊரே வந்து பார்க்கிறது என்கிறார்."

துரை தொப்பியைக் கழற்றினார். "என் தேசத்தில் இந்த மாதிரிப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். சண்டை போட ஒருவரும் நின்றதில்லை" என்றாராம். இந்த ஒன்றை முசே தமிழிலும் சொன்னார். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை.

பிறகு துரை நேரே ராமலிங்கத்திடம் போனார். ராமலிங்கம் எழுந்துதான் நின்றிருந்தார், இன்னும் நிமிர்ந்தார். துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே பேசினார்.

முசே கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இதை உள்ளபடியே சொன்னார்.

"ராமலிங்கம், இவ்வளவு ஆழமாகப் படத்தைப் பார்த்த ஆளை இந்தக் கொம்யூனில் துரை பார்க்கவில்லையாம். உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒன்று ஒட்ட ஆசைப்படுகிறார். அவர் கையிலேயே இருக்கிறது."

சொல்தா மோட்டாரிலிருந்து ஒரு சுருளை எடுத்து வந்தார்.

ராமலிங்கம் கையை இழுத்துக்கொண்டார். "வேணாங்க" என்றார். "எங்களுது மண்செவுருங்க. தாங்காதுங்க."

"தன் சுவர் இதற்குத் தகுதியில்லை என்கிறார்" என்று முசே சொன்னார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அது ஏறக்குறைய உண்மைதான்.

சர்க்கார் செலவில் சுண்ணாம்பு அடித்துத் தரச் சொல்லித் துரை உத்தரவு போட்டார்.

அப்போதுதான் தனக்கோட்டி வாசல்படியிலிருந்து இறங்கி வந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பெரியவர்கள் முன்னால் நின்றது.

"எனக்கு ஒரு பேச்சு இக்குது. நாளைக்கு அரியூர் வூட்டுலயும் இந்தப் பேப்பர் ஏறப்போவுது. சர்க்காரே ஆள் அனுப்பி ஒட்டுது. அப்படிப்பட்ட வூட்டுல பொண்ண குடுக்கலாமா வேணாமான்னு நாங்களும் கொஞ்சம் யோசிக்க வேணாமா?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். அடக்கிக்கொண்டார்கள்.

"இன்னாம்மா பேசற?" என்றார் ராமலிங்கம். "எம்மேல கடன் கிடையாது. அது வெறும் படம்மா. அதான் சர்க்காரே சொல்லுதே."

"யாரு சொன்னா?"

"வேலு தமுக்கு போட்டானே."

"நீ நம்பினியா?"

ராமலிங்கம் என்னைப் பார்த்தார். நான் தமுக்கைப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து அஞ்சலை, "எம்மா, போதும், விட்டுடு" என்றது. மெதுவாகத்தான் சொன்னது. எல்லோருக்கும் கேட்டது.

ஒதியம்பட்டுப் பெரியவர் தொண்டையைச் செருமினார். "ரெண்டு வூட்டு மேலயும் ஒரே பேப்பரு. ஒருத்தர ஒருத்தர் சொல்ல வாயில்ல. வெறும் படம்னா ரெண்டும் படம். ஏலம்னா ரெண்டும் ஏலம். ஜோடி சரியாத்தான் கீது. பரிசத்துக்கு நாளு பாருங்க." அரியூர்ப் பெரியவரும் தலையாட்டினார்.

துரை முசேவைக் கேட்டார். என்ன முடிவாயிற்று?

முசே கண்ணாடியைக் கழற்றினார். "படத்தின் அர்த்தத்தைப் பற்றி இரண்டு ஊரும் ஒரு கருத்துக்கு வந்துவிட்டன" என்றார். அப்புறம் ஏனோ திரும்ப மாட்டிக்கொண்டார்.

துரை கூட்டத்தைச் சுவரோடு நிறுத்திப் போட்டோ எடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் முசே முத்திரை போட்டுக் கொடுத்த படத்தோடும் பசை வாளியோடும் அரியூருக்குப் போனேன். சுண்ணாம்பு காய்ந்திருந்தது. ராமலிங்கம் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நேரா ஒட்டுடா" என்றார். "ஓரம் பிரியக் கூடாது. பிரிஞ்சா நான் கிழிச்சேன்னு பேசுவானுங்க."

ஒட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தன் சுவரிலும் ஒன்று ஒட்ட முடியுமா என்று கேட்டார். ஏன் என்றேன். துரை கை குலுக்கின வீடு என்று இதற்குப் பேர் வந்துவிட்டதாம். என்னிடம் மீதி இல்லை. அவருக்கு வருத்தம்.

பரிசம் நடந்தது. கலியாணம் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் மாப்பிள்ளை வீட்டில்தான். அரியூரில் ராமலிங்கம் வீட்டு வாசலில் பந்தல். படம் பந்தலுக்குள் வந்துவிட்டது. மறைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. பந்தி அந்தச் சுவருக்கு எதிரில்தான்.

அந்த வாரம் பிரசார இலாகாவிலிருந்து மேரிக்கு ஒரு கேள்வி வந்தது. படத்தை இந்தக் கொம்யூனில் எத்தனை பேர் நின்று பார்த்தார்கள்? மேலே அனுப்ப வேண்டும்.

"எல்லாரும்னு எழுது" என்றார் மேர் ஐயா.

"எல்லாரும் என்பது எண் இல்லை" என்றார் முசே.

அவர் என்னைக் கூப்பிட்டார். கலியாணத்துக்குப் போகிறாய் அல்லவா, எண்ணிக்கொண்டு வா என்றார். ஜனங்கள் ஓரிடத்தில் நிற்க மாட்டார்களே, எப்படி எண்ணுவது என்றேன். முசே பேனாவைக் கீழே வைத்தார். சுவருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன் படத்தைப் பார்க்காமல் சாப்பிட்டிருக்க முடியாது, ஆளை எண்ணாதே, இலையை எண்ணு என்றார்.

யுத்தக் காலச் சாப்பாடு. சோறு ஒரு கை, மீதி பூசணிக்காய். ஆனாலும் வந்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் படத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை தலை குனிந்திருந்தது. நாராயணசாமியும் ராமலிங்கமும் ஒருவருக்கொருவர் இலையில் பூசணிக்காயைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். தனக்கோட்டி எனக்கு இரண்டு தரம் சோறு போட்டது.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கொல்லைப்புறம் போனேன். எச்சில் இலைக் குவியல் பக்கத்தில் ஒரு கோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாடுகளை விரட்டிக்கொண்டே எண்ணினேன். குழந்தைகளுக்குப் போட்ட பாதி இலையையும் சேர்த்துக்கொண்டேன். அவர்களும் பார்த்தவர்கள்தானே.

மறுநாள் மேரியில் சொன்னேன். முசே எழுதினார். மேர் ஐயா கையெழுத்துப் போட்டார். கடல் தாண்டிப் போயிற்று.

இருநூற்று அறுபத்து மூன்று.